மலைக்கு அந்தப் பக்கத்துப் பெயர்

அன்றைக்கு மத்தியானம் பந்தலுக்கடியில் யார் யார் இருந்தார்கள், எங்கெங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பின்னால் ஆளுக்கொரு விதமாகப் பேச்சு வந்துவிட்டது.

பவுனு, மேற்கு ஓரத்துக் கல்தூணில் முதுகைச் சாய்த்து, சாப்பாட்டுத் தூக்கைத் திறந்துகொண்டிருந்தாள். அனுமந்தன்பட்டிக்குத் தெற்கே இருக்கும் அந்தப் பன்னீர்த் திராட்சைத் தோட்டம் அவள் அப்பா போட்டது. அவளுக்கு எதிரே, கவிழ்த்துப்போட்ட பிளாஸ்டிக் பெட்டி மேல், பழம் எடுத்து முடிந்த பாதிப் பந்தலில் கொடி வெட்டும் கவாத்து வேலைக்கு வந்திருந்த மலையம்மாள். பவுனின் புருஷன் செல்வமணி பந்தலுக்கு வெளியே, தன்னுடைய குட்டியானை வண்டியின் பின்பலகையில் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு. மோட்டார் அறையின் படிக்கல்லில் யாரும் இல்லை. அது பவுனின் தம்பி கருத்தக்கண்ணன் உட்காரும் இடம். அவன் மலையேறிப் போன நாளிலிருந்து அதில் யாரும் உட்காருவதில்லை. படிக்குக் கீழே வாய்க்கால் ஈரத்தில், அவன் விட்டுப்போன நாய் படுத்திருந்தது. பாதி வால்தான் இருக்கும் என்பதால் அதற்குக் கட்டையன் என்று பெயர். அதுவும் ஒருநாளும் அந்தப் படியில் ஏறியதில்லை.

தம்பி போன கதை ஊரறிந்தது. பந்தலைப் பிடுங்கிவிட்டுத் தென்னை வைக்கலாம் என்றான் அவன். அப்பா நட்ட தூணில் ஒன்றைக்கூட அசைக்க விடமாட்டேன் என்றாள் அவள். பேச்சு வளர்ந்து, கடைசியில் வீரபாண்டி கோயில் வாசலில் இருவரும் கற்பூரம் கொளுத்தினார்கள். இனி ஒருத்தர் முகம் பார்த்து ஒருத்தர் பேசுவதில்லை என்று இரண்டு பேருமே கையால் அடித்து அணைத்தார்கள். மறுநாள் விடிந்தபோது அவன் ஜீப்பில் ஏறி, மலைக்கு அந்தப் பக்கம் ஒரு ஏலத்தோட்டத்துக்குப் போய்விட்டான். மூன்று வருஷம் ஆயிற்று. நாய் மட்டும் சாயங்காலமானால் தோட்டத்துக் கேட்டில் போய் நின்று மேற்கே பார்த்துவிட்டு வரும்.

உச்சி வெயிலில் திராட்சைப் பந்தலுக்கடியில் உட்கார்ந்தவர்களுக்கு ஒன்று தெரியும். அங்கே இறங்குகிற வெளிச்சம் பச்சையாக இருக்கும். எதிரே இருக்கிற முகம் கூட நீருக்கடியில் கிடக்கிற முகம்போலத் தெரியும். அந்த நேரம் பார்த்து மும்முனைக் கரண்டு போய் மோட்டார் நின்றது. மோட்டார் நின்றதும் மைனாக்களும் கத்துவதை நிறுத்தின. பவுனு தூக்கு மூடியைக் கீழே வைத்த சத்தம் பந்தலின் அடுத்த முனைவரைக்கும் போனது.

கட்டையன் எழுந்து, கவாத்துப் பண்ணிக் குவித்திருந்த குச்சிக் குவியலின் பக்கம் போனது. குரைக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தது. முன்னங்கால் ஒன்றைத் தரையில் ஊன்றாமல், யாருக்கோ கொடுக்கிற மாதிரி நீட்டிக்கொண்டு வந்தது.

"ஏங்க, அங்கன பாருங்க" என்றாள் பவுனு.

செல்வமணி ஏற்கெனவே பலகையிலிருந்து குதித்திருந்தான். குவியலுக்கு அந்தப் பக்கம் ஒரு முழ உயரத்துக்குப் படம் விரிந்து நின்றதையும், அது ஒன்றும் அவசரமில்லாதது போல மெதுவாகச் சுருங்கி வரப்போரம் இறங்கியதையும் அவன் பார்த்தான்.

"நல்ல பா..."

"பேரச் சொல்லாதீக அண்ணே" என்றாள் மலையம்மாள். "பூச்சின்னு சொல்லுங்க."

"பூச்சியா? என் கை மொத்தம் இருக்கு உங்க பூச்சி" என்று தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தான் செல்வமணி. "பவுனு, காலப் புடி. மேல இறுக்கிக் கட்டிருவோம்."

பவுனுக்கு ஏனோ அது சரியாகப் படவில்லை. "தேனி டாக்டரம்மாளுக்கு ஒரு போனப் போடுங்க முதல்ல" என்றாள். போன வருஷம் மாட்டுக்கு மடிநோய் வந்தபோது பார்த்த எப்சிபா டாக்டரின் எண் செல்வமணியின் போனில் இருந்தது. நல்ல நேரம், இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார். செல்வமணி ஸ்பீக்கரில் போட்டான்.

"கட்டாதீங்க" என்றார் டாக்டர், அவன் சொல்லி முடிப்பதற்குள். "இறுக்கிக் கட்டுனா அந்தக் காலே போயிரும். கத்தி வச்சுக் கீற வேண்டாம், வாய் வச்சு உறிய வேண்டாம், மஞ்சள் சுண்ணாம்புன்னு எதையும் அப்ப வேண்டாம். கழுத்துல பட்டை இருக்கா? கழட்டிருங்க, வீங்குனா மூச்ச அடைக்கும். இனி ஒரு எட்டுகூட நடக்க விடாதீங்க. பலகையில படுக்க வச்சுத் தூக்குங்க. கடிபட்ட கால் ஆடக் கூடாது. தண்ணி, பால் ஒண்ணும் ஊத்தாதீங்க, பொறையேறிரும்."

"அத அடிச்சுக் கொண்டாரணுமா டாக்டரம்மா?"

"தேடிட்டு நிக்காதீங்க, உங்களையும் சேத்துத்தான் நான் பாக்கணும். படம் விரிச்சதப் பாத்தீங்கல்ல, அது போதும். நேரா இங்க வாங்க, மருந்து இருக்கு. வழியெல்லாம் பேரச் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டே வாங்க. பழகுன குரல் கேட்டா பதறாம இருக்கும். கூப்பிட்டாக் கண் திறக்குதா, இமை தொங்குதான்னு பாத்து எனக்குச் சொல்லுங்க."

மலையம்மாள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு நடுவில் வந்து நின்றாள்.

"எல்லாஞ் சரி. அந்தக் கடைசிச் சோலி மட்டும் ஆகாது."

"எது?"

"கடிபட்ட சீவன அதோட பேரச் சொல்லிக் கூப்பிடக் கூடாது பவுனக்கா. கடிச்சது பாதி வேலைதேன் பாத்திருக்கு. மீதிய முடிக்கப் பின்னாலயே வரும். எந்தப் பேருன்னு கேட்டுக்கிட்டுத்தேன் வரும். நம்ம வாயாலயே நம்ம காட்டிக் குடுக்கவா?"

செல்வமணி பலகையை இழுத்துக்கொண்டே சிரித்தான். "அப்ப டாக்டரம்மாகிட்ட, ஊமையா வாரோம்னு சொல்லிரவா?"

"வேற பேரு வைங்க. மனுசப் பேரு. மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஆளு பேரா இருக்கணும். அது அங்க தேடிப் போயி, ஏற மாட்டாமத் திரும்பிரும். எங்க ஊருல அப்பிடித்தேன்." மலையம்மாளின் ஊர் கூடலூருக்கு மேலே, மலையடிவாரத்தில்.

பவுனு அப்போது நாயின் கழுத்துப் பட்டையை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். கடையில் வாங்கிய பட்டை இல்லை அது. கருத்தக்கண்ணன் தன்னுடைய பழைய இடுப்பு வாரை வெட்டி, ஆணியால் துளை போட்டுக் கட்டியது. வெயிலிலும் தண்ணீரிலும் கிடந்து விறைத்துப்போயிருந்தது. கொக்கியை நெம்பியபோது, வியர்வையும் தோலும் கலந்த அந்தப் பழைய வாசனை அவள் மூக்கில் ஏறியது.

"கருத்தக்கண்ணா" என்றாள்.

நாய் கண்ணைத் திறந்து பார்த்தது.

மலையம்மாள் அவளையே பார்த்தாள். "தம்பி பேரா?"

"வாயில வந்துருச்சு."

"வந்தது வந்ததுதேன். இனி மாத்தக் கூடாது. வண்டிய எடுங்கண்ணே, வெரசா."

முன்னால் செல்வமணி ஓட்ட, பின்னால் பலகையில் நாயும், அதற்கு இரண்டு பக்கமும் இரண்டு பெண்களுமாக வண்டி கிளம்பியது. உத்தமபாளையம் தாண்டும்வரைக்கும் தெம்பாகத்தான் இருந்தது. மலையம்மாள் கடிபட்ட காலை ஒரு துணிச் சுருளில் சாய்த்து, ஆடாமல் பிடித்திருந்தாள். பவுனு ஒரு கையை அதன் விலாவில் வைத்துக்கொண்டு கூப்பிட்டாள். ஒவ்வொரு தடவை கூப்பிடும்போதும் அது கண்ணைத் திறந்தது. ஆனால் கூப்பிட்டவளைப் பார்க்கவில்லை. வண்டி எந்தப் பக்கம் திரும்பினாலும், தலையை அசைக்காமல், கண்ணை மட்டும் உருட்டி மேற்கே மலையைப் பார்த்தது.

முன்னாலிருந்து செல்வமணி சன்னல் வழியாகக் கத்தினான். "மாப்ள, தூங்கிராத மாப்ள. உங்கக்கா என்னையத் தூங்க விடமாட்டா, நீயும் முழிச்சிரு."

"வாய மூடிட்டு ரோட்டப் பாத்து ஓட்டுங்க" என்றாள் பவுனு.

"தம்பி, இந்தா பாரு தம்பி" என்றாள் மலையம்மாள் நாயிடம், மெய்யாகவே ஒரு ஆளிடம் பேசுவதுபோல. "இன்னுங் கொஞ்ச தூரந்தேன். மல்லுக்கட்டாத."

சின்னமனூர் தாண்டி, காற்றாலைகள் நிற்கிற பொட்டலில் வண்டி ஓடியது. பங்குனி மாதம், காற்றே இல்லை. அத்தனை காற்றாடிகளும் கையை விரித்தபடி அசையாமல் நின்றன. அதில் ஒன்றே ஒன்று, தூரத்தில், மலையோரமாக, மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது. பவுனு அதைப் பார்த்தாள். மலையம்மாளும் பார்த்தாள்.

நாயின் வாயோரம் எச்சில் ஒழுகத் தொடங்கியிருந்தது. இமை பாதிக்கு இறங்கிவிட்டது. செல்வமணி போனில் சொல்ல, "வேகமா வாங்க, தலை தாழாம பாத்துக்குங்க, எச்சில் வெளிய வடியட்டும்" என்றார் டாக்டர்.

வீரபாண்டி வந்தது. கோயில் கோபுரம் தெரிந்த திருப்பத்தில் பவுனு கூப்பிட்டாள். கண் திறக்கவில்லை. மறுபடி கூப்பிட்டாள். இன்னொரு தடவை. கற்பூரம் அடித்து அணைத்த அதே இடத்தின் முன்னால் போகிற வண்டியில் உட்கார்ந்து, மூன்று வருஷமாக வாயில் எடுக்காத பெயரை, ஊரே திரும்பிப் பார்க்க அவள் கூவிக்கொண்டு போனாள். ஆற்றுப் பாலத்தில் போகும்போதுதான் அவளுக்கு அது உறைத்தது. நாய்க்கு வந்ததைத் திருப்பிவிட ஒரு ஆளைத் தேடினோம். உலகத்தில் இத்தனை பேர் மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிறார்கள். நான் யாரைக் கைகாட்டினேன்?

கையிலிருந்த வாரைப் பார்த்தாள். வார்தான் அந்தப் பெயரைக் கொடுத்தது என்று சொல்லிக்கொண்டாள். பாதிதான் நம்ப முடிந்தது.

எப்சிபா டாக்டரின் மருத்துவமனை மாடியில்லாத சின்னக் கட்டடம். வாசலிலேயே மேசையோடு காத்திருந்தார்கள். குளுக்கோஸ் பாட்டிலில் மருந்தைக் கலந்து ஏற்றினார்கள், தொடையில் வேறு ஊசி போட்டார்கள். அதற்குள் நாயின் நெஞ்சு ஏறி இறங்குவது நின்றுவிட்டது. டாக்டர் அதன் தொண்டைக்குள் குழாயை இறக்கி, முனையில் ஒரு ரப்பர்ப் பையை மாட்டி, அதைப் பவுனின் கையில் கொடுத்தார்.

"இத அமுக்குங்க. நெஞ்சு ஏறுறது தெரியணும், அம்புட்டுத்தான். அப்புறம் விடுங்க. நீங்க எப்படி மூச்சு விடுறீங்களோ அதே வேகம். மருந்து வேலை செய்யிற வரைக்கும் அது மூச்சு உங்க கையிலதான் இருக்கு. நிறுத்தக் கூடாது."

உதவிக்கு இருந்த பெண், ஜெபஷீலா, பாட்டிலில் ஒட்டுவதற்காகக் கேட்டாள். "நாய் பேரு என்னங்க?"

பவுனு வாயைத் திறந்தாள். வாசலில் நின்ற மலையம்மாள் கண்ணாலேயே அதட்டினாள்.

"கருத்தக்கண்ணன்" என்றாள் பவுனு.

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். "நாய்க்கா?"

"எம் மச்சினன் பேரு டாக்டரம்மா" என்றான் செல்வமணி. "கொணமும் அதேதேன். சொல்லாமக் கொள்ளாமக் கெளம்பிரும்."

அவனுக்கே தான் சொன்னது பிடிக்கவில்லை. தலையைச் சொறிந்துகொண்டு வெளியே போனான்.

பவுனு பையை அமுக்கினாள். விட்டாள். தன் மூச்சையும் அதோடு சேர்த்து விட்டுக்கொண்டாள். சன்னல் வழியாக விழுந்த வெயில் சுவரில் ஏறி மறையும்வரைக்கும் அது நடந்தது. நடுவில் ஒரு நேரத்தில், தன் மூச்சுக்கும் பைக்கும் நடுவே மூன்றாவதாக ஒரு மூச்சு கேட்பதுபோல அவளுக்குத் தோன்றியது. கொஞ்சம் இரைப்போடு, மேடேறி வருகிறவனின் மூச்சு. அறையைச் சுற்றிப் பார்த்தாள். ஜெபஷீலா ஊசிகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். வேறு யாரும் இல்லை. பவுனு நிறுத்தாமல் அமுக்கினாள்.

பொழுது சாய்கிற நேரம் நாய் தானாக ஒரு மூச்சை இழுத்தது. பிறகு இன்னொன்று. டாக்டர் குழாயை உருவிவிட்டு, அதன் காதுக்குக் கீழே தட்டி, வேலை முடிந்த சந்தோஷத்தில் விளையாட்டாகச் சொன்னார்: "வந்துட்டாரு கருத்தக்கண்ணன்."

நாய் தலையைத் தூக்கி, சொன்னவரைப் பார்த்தது.

இரண்டு நாள் அங்கேயே வைத்திருந்து அனுப்பினார்கள். காலில் புண்ணுக்குக் கட்டு, மாத்திரை, ஓய்வு. தோட்டத்தில் வண்டியிலிருந்து இறக்கிவிட்டதும், பவுனு மனசு நிறைந்து கூப்பிட்டாள்.

"கட்டையா."

அது திரும்பவில்லை. செல்வமணி கூப்பிட்டான், சீட்டி அடித்தான். காதைக்கூட ஆட்டவில்லை. நொண்டிக்கொண்டே மோட்டார் அறைக்கு நடந்து போய், ஒருநாளும் ஏறாத அந்தப் படிக்கல்லில் ஏறி, சுவரில் முதுகைக் கொடுத்து உட்கார்ந்தது.

"களைப்பு" என்றான் செல்வமணி.

களைப்பு தெளிந்த பிறகும் அது அப்படித்தான் இருந்தது. காலையில் எழுந்து பந்தலின் முதல் வரிசையிலிருந்து கடைசி வரிசைவரை நடக்கும். நடுவில் சில தூண்களின் கீழே நின்று மேலே கம்பியைப் பார்க்கும். கம்பி தொய்ந்த தூண்களில் மட்டும் நிற்கிறது என்பதை பவுனு மெதுவாகத்தான் கண்டுகொண்டாள். அது கருத்தக்கண்ணனின் வேலை. காலையில் கம்பி பார்த்துவிட்டுத்தான் அவன் பல்லே துலக்குவான். சாயங்காலம் கேட்டுக்குப் போய் மேற்கே பார்ப்பதை அது விட்டுவிட்டது. யாருக்காகக் காத்திருந்ததோ அவர் வந்துவிட்டதுபோல.

எல்லாவற்றையும்விட அவளைப் படுத்தியது வேறு. அவள் வைக்கிற சோற்றை அது தொடுவதில்லை. செல்வமணி வைத்தால் தின்னும், மலையம்மாள் வைத்தால் தின்னும். பவுனு தட்டோடு போனால், கோபமாக உறுமுவதுகூட இல்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொள்ளும். சண்டை முற்றிய கடைசி நாட்களில் ஒருத்தன் அப்படித்தான் உட்கார்ந்திருந்தான்.

செல்வமணி டாக்டருக்குப் போன் போட்டான். "மூச்சு நின்ன நேரத்துல மூளைக்குக் கொஞ்சம் அடி பட்டிருக்கலாம். சிலது மறந்துபோகும். காது கேக்குதா?" என்று கேட்டார் டாக்டர்.

"கேக்குது டாக்டரம்மா. எம் மச்சினன் பேரச் சொன்னாத் திரும்புது."

"அப்ப அந்தப் பேரையே வச்சுக்குங்களேன்" என்று சிரித்தார் அவர்.

பவுனு மலையம்மாளைப் பிடித்தாள். "பேரக் குடுக்கச் சொன்னீல்ல. இப்பத் திருப்பி வாங்குறது எப்பிடின்னு சொல்லு."

மலையம்மாள் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு, கையைத் துடைத்தாள்.

"குடுக்கத்தேன் தெரியும் பவுனக்கா. வாங்கத் தெரியாது."

"அதென்ன பேச்சு? உங்க ஊருல எப்பிடி வாங்குவாக?"

"வாங்குனதே இல்ல. பேரு குடுத்த சீவன் எதுவும் எங்க ஊருல பொழைச்சதில்ல. ஆடு, மாடு, நாயி, எல்லாம் பொழுது சாயறதுக்குள்ள போயிரும். போச்சுன்னா பேரு தானாக் கழண்டு ஆளுகிட்டப் போயிரும். டாக்டருகிட்டக் கொண்டுக்கிட்டுப் போறதெல்லாம் அப்ப ஏது? நம்ம ரெண்டையுமில்ல சேத்துச் செஞ்சுட்டோம்."

மருந்தும் பலித்தது, பெயரும் பலித்தது. இரண்டும் ஒன்றாகப் பலித்தால் என்ன ஆகும் என்று எந்த ஊரிலும் யாரும் பார்த்ததில்லை. பவுனு பந்தலுக்கடியில் நின்றாள். அந்தப் பச்சை வெளிச்சத்தில், படிக்கல்லில் உட்கார்ந்திருந்த நாய் அவளைப் பார்க்காமல் பார்த்துக்கொண்டிருந்தது.

செல்வமணி மச்சினனின் பழைய எண்ணுக்குப் போட்டுப் பார்த்தான். அந்த எண் உபயோகத்தில் இல்லை என்றது. "மலையில எங்க டவரு கெடைக்குது? நல்லாத்தேன் இருப்பான்" என்றான். ஆனால் போனை வைத்துவிட்டு, அவனும் படிக்கல் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தான்.

சித்திரை பிறந்து சில நாளில் பொன்னுராஜ் வந்தான். கம்பத்திலிருந்து தினமும் விடிகாலையில் ஆட்களை ஏற்றிக்கொண்டு மலைத்தோட்டங்களுக்குப் போகிற ஜீப் அவனுடையது. மகளுக்குச் சடங்கு வைத்திருந்தான். திராட்சை சொல்ல வந்தவன், எடை போடும் இடத்தில் நின்று தானாகவே பேச்சை எடுத்தான்.

"உங்க தம்பியப் பாத்தேன் அக்கா. இப்ப அந்த ஏலத்தோட்டத்துலயே மேல் டிவிசன்ல இருக்காரு."

பவுனு கையிலிருந்த குலையைத் தட்டில் போட்டுவிட்டு நிமிர்ந்தாள். "நல்லா இருக்கானா?"

"சுகந்தேன். ஆளு நல்லாத்தேன் வேல பாக்குறாரு, திங்கிறாரு. ஒண்ணே ஒண்ணு... உங்ககிட்டச் சொல்லலாமான்னு தெரியல."

"சொல்லுப்பா."

"பேரச் சொல்லிக் கூப்பிட்டாத் திரும்ப மாட்டேங்கிறாரு. கங்காணி கூப்பிடுவாரு, மலையாளத்துச் சேட்டன்மாரு கூப்பிடுவாக, ஒண்ணுக்கும் அசைய மாட்டாரு. காது போச்சோன்னு பாத்தா, 'ஏய்'னா திரும்புறாரு. 'அங்கன நிக்கிறது யாரு'ன்னு மெல்லக் கேட்டாலும் திரும்புறாரு. பேருக்கு மட்டும் இல்ல. சம்பளத்தன்னிக்குப் பேரு கூப்பிடுறப்ப, பக்கத்துல இருக்கிறவுக தோளத் தொட்டு 'உன்னையத்தேன்'னு சொல்ல வேண்டியிருக்கு."

"எம்புட்டு நாளா?"

"காத்தே இல்லாம வெயில் கொளுத்துச்சுல்ல, பங்குனியில. அப்ப இருந்துன்னு சொல்றாக. ஒருநா மத்தியானம் ஏலச் செடிக்குள்ள மயங்கி விழுந்து கெடந்திருக்காரு. மூச்சே இல்லன்னு நெனச்சாகளாம். சாயங்காலமா எந்திரிச்சு உக்காந்துட்டாரு. அதுல இருந்துதேன் இப்பிடி." பொன்னுராஜ் குரலைத் தாழ்த்தினான். "இன்னொண்ணு அக்கா. சாயங்காலம் ஆனா மலை விளிம்புல வந்து நிக்கிறாரு. இந்தப் பக்கமா, கெழக்க பாத்துக்கிட்டே. யாரையோ எதிர்பாக்குற மாதிரி."

செல்வமணி தராசை விட்டுவிட்டு வந்து அவள் பக்கத்தில் நின்றான். அவன் வாயில் அன்று வேடிக்கை எதுவும் வரவில்லை.

"நீ ஒரு எட்டுப் போயிட்டு வா பவுனு. நாங் கூட்டிட்டுப் போறேன்."

"போயி? மூஞ்சியப் பாத்துப் பேசமாட்டேன்னு அடிச்சுக் கொடுத்திருக்கேன். அவனும் அடிச்சிருக்கான். பேரையும் எடுத்துட்டு, சத்தியத்தையும் மீறுனேன்னா அவனுக்கு என்ன மிஞ்சும்?"

"அப்ப என்னதேன் செய்வ?"

அவள் படிக்கல்லைப் பார்த்தாள். யோசித்தாள். முகம் பார்த்துப் பேசுவதில்லை என்றுதான் கற்பூரம் அடித்தது. காகிதத்துக்கு முகம் கிடையாது.

"தபாலாபீசுல ஒரு கவர் வாங்கிட்டு வாங்க. கொஞ்சம் பெருசா" என்றாள்.

பவுனு எட்டாவது வரைக்கும் உத்தமபாளையத்தில் படித்தவள். கடிதம் எழுதி எத்தனையோ காலமாயிற்று. அன்று பின்மத்தியானம் மோட்டார் அறைக்கு எதிரே, கல்தூணடியில் உட்கார்ந்து, பெட்டியைக் கவிழ்த்து அதன்மேல் தாளை வைத்தாள். பள்ளிக்கூடத்தில் சொல்லித்தந்த வரிசையிலேயே எழுதினாள். மேலே வலது பக்கம் ஊர், தேதி. அடுத்து விளி. அங்கேதான் பேனா நின்றது. பெயரை எழுதாமல் இந்தக் கடிதத்துக்கு அர்த்தமில்லை. எழுதினாள்.

'அன்புள்ள தம்பி கருத்தக்கண்ணனுக்கு,' என்று முழுதாக எழுதி முடித்தபோது, சத்தமே இல்லாத அந்த இடத்தில், படிக்கல்லில் தூங்கிக்கொண்டிருந்த நாய் தலையைத் தூக்கியது.

அவள் நிமிராமல் எழுதிக்கொண்டு போனாள்.

'அக்கா பவுனு எழுதுவது. இங்கு அனைவரும் நலம். உன் நலத்துக்குத்தான் இந்தக் கடிதம்.

பங்குனியில் கட்டையனைப் பாம்பு கடித்தது. அதைப் பிழைக்க வைப்பதற்காக, உன்னைக் கேட்காமல் உன் பெயரை எடுத்து அதற்குக் கொடுத்துவிட்டேன். அந்த நேரத்தில் என் மனசில் உன்மேல் கோபம் இருந்ததா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். இல்லை என்று சொல்ல முடியவில்லை. ஆனால் நீ சாக வேண்டும் என்று ஒருநாளும் நான் நினைத்ததில்லை. இது சத்தியம். இதற்குக் கற்பூரம் தேவையில்லை.

நாய் பிழைத்துவிட்டது. அதனால் உன் பெயரைத் திருப்பி அனுப்புகிறேன். உறையின்மேல் இருப்பது உன் பெயர், என் கையால் எழுதியது. அதை நீயே வாய்விட்டு மூன்று தரம் படி. படித்துவிட்டு, நான்தான் என்று சொல். இது யாரும் சொல்லிக்கொடுத்த முறை இல்லை. தெரிந்தவர்கள் யாரும் இல்லாததால் நானே வைத்த முறை. இதோடு உன் வாரையும் வைத்திருக்கிறேன். நாய்க்கு வேறு வாங்கிக்கொள்கிறோம்.

ஏழாவது வரிசையில் கம்பி தொய்ந்திருக்கிறது. பந்தலை வைப்பதா பிடுங்குவதா என்று இனிமேல் நான் ஒருத்தியாகச் சொல்லமாட்டேன். இறங்கி வா. முகம் பார்த்துப் பேசக்கூடாது என்றால் முதுகைத் திருப்பிக்கொண்டாவது பேசுவோம்.

இப்படிக்கு, உன் அக்கா, பவுனு.'

உறையின்மேல் அவன் பெயரையும், எஸ்டேட்டையும், மேல் டிவிசன் என்றும் எழுதினாள். இடப்பக்கம் அனுப்புநர். வாரை மடித்து உள்ளே வைத்தாள். வாயை ஒட்ட, தூக்கில் மிஞ்சியிருந்த சோற்றிலிருந்து நாலு பருக்கையை எடுத்து மசித்துத் தடவினாள். கட்டைவிரலால் ஓரத்திலிருந்து ஓரம்வரை அழுத்திக்கொண்டே போனாள். அழுத்தி முடித்து நிமிர்ந்தால், நாய் படியைவிட்டு இறங்கி, அவள் முன்னால் வந்து நின்றிருந்தது. அவளுடைய விரல்களில் ஒட்டியிருந்த சோற்றை முகர்ந்தது. கொஞ்சம் தயங்கி, நக்கியது. பங்குனிக்குப் பிறகு அவள் கையிலிருந்து அது எதையாவது தொட்டது அதுதான் முதல்.

தபால்பெட்டியை அவள் நம்பவில்லை. மறுநாள் காலை வெளிச்சம் வந்த நேரத்தில், தோட்டத்துக் கேட்டுக்கு எதிரே ரோட்டோரம் போய் நின்றாள். நாயும் பின்னாலேயே வந்து பக்கத்தில் நின்றது. செல்வமணி போனில் சொல்லிவைத்திருந்ததால் கடிதத்துக்காகவே இந்த வழியாகச் சுற்றி வந்த பொன்னுராஜின் ஜீப், ஆட்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்க, வேகம் குறைத்தது.

"யாருகிட்டயும் மாத்திக் குடுத்துராத. அவன் கையில குடு" என்றாள். "குடுக்கிறப்ப நீ பேரச் சொல்லிக் கூப்பிடாத. அவனே படிக்கட்டும்."

"சரிக்கா." பொன்னுராஜ் உறையை வாங்கிப் பார்த்துவிட்டு, சட்டைக்குள் நெஞ்சோடு வைத்துப் பொத்தானைப் போட்டான்.

ஜீப் கிளம்பியது. மலை அப்போதுதான் நீலத்திலிருந்து பச்சைக்கு மாறிக்கொண்டிருந்தது. நாய் ரோட்டின் நடுவுக்குப் போய், ஜீப் போன திசையைப் பார்த்து நின்றது. பின்னால் வேறு வண்டி வருகிற சத்தம் கேட்டது. அதைக் கூப்பிட பவுனு வாயைத் திறந்தாள். ஒரு பெயர் அவளிடம் இல்லை. அது ஜீப்பில் போகிறது. இன்னொன்று இன்னும் திரும்பி வந்ததா என்று தெரியாது. இரண்டில் எதையும் சொல்லத் துணியாமல், அவள் ரோட்டில் இறங்கி, நாயைக் கையால் அணைத்து ஓரத்துக்கு இழுத்துக்கொண்டாள். ஜீப் கம்பம் போகிற வளைவில் திரும்பி மறைந்தது.